மஞ்சள் குடை

ஒருவன் வாந்தி எடுத்து முடித்தபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

எலுமிச்சம்பழம் கொடுத்தாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவன் வெகு நன்றாகத்தான் ஓங்கரித்தான். ஒட்டுமீசை மட்டும் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அதுதான் விதி.

சுற்றுலாத் துறையும் நாடகத் துறையும் சேர்ந்து நடத்தும் செய்முறைத் தேர்வு இது. அவள் வழிகாட்டி. நாடகத் துறை மாணவர்கள் பயணிகள். ஆளுக்கொரு தொல்லையோடு மலைக்கு வந்திருக்கிறார்கள். சிலர் அவளோடு பேருந்தில் வந்தார்கள். சிலர் முன்னாலேயே மேலே போய் எங்காவது காத்திருப்பார்கள். யாரிடமும் "நடிக்கிறீங்களா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் தேர்வு அங்கேயே முடிந்தது.

போன வருடம் கேட்டுவிட்டாள்.

ஒருவன் கத்திய கத்தலில் அழுகை வந்து, வாய் தவறிக் கேட்டுவிட்டாள். இந்த முறையும் போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

காட்சிமுனையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தாள். குடை எங்கே போகிறதோ அங்கே கூட்டம் போகும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அப்போதுதான் அந்த அம்மாளைப் பார்த்தாள்.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தனியாக நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சாயம் போன நீலச் சேலை. தடுப்புக்கு இந்தப் பக்கம் செருப்புகள் ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. இதையெல்லாமா தேர்வில் வைப்பார்கள்?

ஆனாலும் ஒப்பனை பிரமாதம். நரை அசல் நரை மாதிரியே இருந்தது. அழுத கண் அழுத கண்ணாகவே இருந்தது. கடைசி வருடத்துக்காரியாக இருக்கும்.

உளவியல் துறை மேடம் வந்து வகுப்பெடுத்தது நினைவுக்கு வந்தது. கலங்கி நிற்கிற பயணியைப் பின்னாலிருந்து கூப்பிடாதே. அவசரப்படுத்தாதே. கையில் ஒரு சின்ன வேலையைக் கொடு.

பக்கவாட்டில் போய், கண்ணில் படுகிற மாதிரி நின்றாள்.

"அம்மா, இந்தக் குடையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? காத்துக்குக் கை கடுக்குது."

அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

அவளும் கையை நீட்டியபடியே நின்றாள். வசனத்தை மறந்துட்டியாடி, சீக்கிரம் வா என்று மனதுக்குள் திட்டினாள்.

ஒரு கை வந்து குடையைப் பிடித்தது. பிறகு ஒரு கால் தடுப்பைத் தாண்டியது. பிறகு இன்னொரு கால்.

அவள் அந்த முழங்கையைப் பற்றிக்கொண்டாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நடிப்புதான் என்று தெரிந்தும் அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

குடையைத் திருப்பி வாங்கவில்லை. பேருந்து வரைக்கும் நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டாள். செருப்பைத் தொடவில்லை. நாடகத் துறைச் சாமான், தொலைந்தால் யார் பதில் சொல்வது?

அம்மாள் நடந்தாள்.

பின்னால் கூட்டம் நடந்தது. ஒட்டுமீசை, டீக்கடையில் சண்டை பிடித்தவன், பொம்மைக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் எல்லோரும் நடந்தார்கள். வளைவில் அம்மாள் திரும்பினாள். இத்தனை பேர் தன் பின்னால் வருவதைக் கண்டு திகைத்தாள்.

குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

பேருந்தடியில் மதிப்பெண் போட ஜெயசீலி மேடம் காத்திருந்தார். முகம் சரியில்லை. பக்கத்தில் நாடகத் துறை எழிலரசன் கையைச் சொறிந்துகொண்டு நின்றான். வழி தவறிய பயணியாகத் தைலமரத் தோப்புக்குள் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கியவன்.

"இவனைத் தேடவே இல்லையேம்மா நீ," என்றார் மேடம். "கடைசிச் சோதனையே அதுதானே."

"கடைசிச் சோதனை அந்த அம்மாதானே மேடம்?"

"எந்த அம்மா?"

அவள் கையைக் காட்டினாள். முன் இருக்கையில் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குடை.

எழிலரசன் உற்றுப் பார்த்தான்.

"எங்க டிபார்ட்மென்ட்ல இப்படி யாரும் இல்லையே," என்றான்.

அவள் அப்படியே பேருந்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் பேனாவை மூடினார்.

உள்ளேயிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது.

"கண்ணு, என் செருப்பு மேலயே கிடக்கு. எடுத்துட்டு வந்து தர்றியா?"

அவள் ஓடினாள். மேடு முழுக்க அழுதுகொண்டே ஓடினாள்.