இன்னும் பழகலை

"நாயைத் திருப்பி எடுத்துக்குங்க மேடம். எங்களால முடியல."

காலையில் போனில் இப்படிச் சொன்னவர், மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறவர். மத்தியானமே கூண்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள் நாய்க் காப்பகத்துப் பெண்.

மணியை அழுத்தினாள். சத்தமே வரவில்லை.

"அந்த ஒயரைப் பிடுங்கியாச்சு" என்று கிசுகிசுத்தபடி கதவைத் திறந்தார் ஏலக்காரர். ஆள் நிலைக்கதவு உயரம். ஆனால் அடியெடுத்து வைப்பது பூனை மாதிரி. "மெதுவா வாங்க. அம்மணிக்குச் சத்தம் ஆகாது."

அம்மணி என்பது நாய்க்கு அவர் வைத்த பட்டப்பெயர்.

கூடத்தில் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டியிருந்தது. டிவியில் ஒருத்தி வாயை மட்டும் அசைத்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மிக்ஸியைக்கூட பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் அரைக்கிறோம். எழுபது நாள் ஆச்சு மேடம். ஏலத்துல நான் ஒரு குரல் விட்டா மூணாவது தெருவுல போற லாரி நிக்கும். வீட்டுக்குள்ள வந்தா ஊமை. தும்மல் வந்தா மொட்டைமாடிக்கு ஓடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாங்க கொடுத்த தாள்ல இருந்தபடி செஞ்சீங்களா சார்?"

"ஒண்ணு விடல. தனி ரூம், ஒரே இடத்துல சாப்பாடு, வாசலுக்கு ரெண்டு தாழ்ப்பா. உத்துப் பார்க்காதே, மேல குனியாதே, கட்டிலுக்கடியிலேர்ந்து இழுக்காதே, கத்தாதே. எல்லாம் மனப்பாடம். அந்தக் கடைசி ஒண்ணுலதான் எனக்கு உயிர் போகுது."

"நாய் வெளிய வருதா?"

"எங்க? அதை வெளிய கூட்டிட்டுப் போறதுகூட நான் மார்க்கெட் போனப்புறம்தான். ரூம் பக்கம் போனா என் சம்சாரம் கையைக் காட்டி நிறுத்திடுவா. 'இன்னும் பழகலை, வராதீங்க.' தினம் இதே பாட்டு. இந்த வீட்ல இப்போ அவ வச்சதுதான் சட்டம் மேடம். அவகிட்ட சொல்லாமத்தான் உங்களுக்குப் போனே பண்ணேன்."

காப்பகத்துப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. நாய்க்குப் பரிந்துகொண்டு கட்டின மனுஷனை நடுக்கூடத்தில் நிறுத்தி வைக்கிறவர்களை அவளும் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தாள்.

அறைக் கதவு லேசாகத் திறந்தது. எட்டிப் பார்த்த மனைவியின் கண் நேரே கூண்டில் போய் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"இது எதுக்கு?"

"எழுபது நாளாப் பழகலையாமே அக்கா. வேற வீட்லயாவது பழகுதான்னு பார்ப்போமே."

மனைவி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"நீ மட்டும் உள்ள வாம்மா."

ஏலக்காரரும் ஓர் அடி எடுத்து வைத்தார். மனைவியின் கை உயர்ந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

கதவைச் சாத்தினாள் மனைவி. கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள் மினுங்கின. அவள் தரையில் உட்கார்ந்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

நாய் தவழ்ந்து வந்தது. புது ஆளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் மனைவியின் மடியில் ஏறி, நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்தது. வால் தரையில் பட் பட்டென்று அடித்தது.

மனைவி அவசரமாக ஒரு தலையணையை இழுத்து வாலுக்கடியில் செருகினாள்.

"எப்போலேர்ந்து அக்கா இப்படி?"

"வந்த அஞ்சாம் நாள்லேர்ந்து."

"அப்புறம் ஏன் சார்கிட்ட..."

மனைவி கதவைப் பார்த்தாள். வெளியே ஒரு சத்தமில்லை.

"கெட்ட மனுஷன் இல்லம்மா. ஆனா சாவி காணலைன்னாலும் கத்தல், காபி ஆறினாலும் கத்தல், ஒண்ணுமே இல்லைன்னாலும் கத்தல். இருபத்திரண்டு வருஷம். அவர் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாலே கையில இருக்கிற பாத்திரம் ஆடும். எவ்வளவோ சொல்லிட்டேன். 'என் குரலே இப்படித்தான், நான் என்ன பண்ண'ம்பார். நீங்க கொடுத்தீங்களே ஒரு தாள், அது ஒரே நாள்ல நிறுத்திடுச்சு."

நாயின் காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துவிட்டாள்.

"இது பழகிடுச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கே ஆரம்பிச்சுடுவார். இதை மட்டும் கொண்டுபோயிடாதேம்மா."

சொல்ல நினைத்த நாலு வார்த்தை இந்த அம்மாவுக்கானது இல்லை என்று காப்பகத்துப் பெண்ணுக்குப் புரிந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

ஏலக்காரர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். "எடுத்துட்டுப் போறீங்களா?"

"இல்ல சார். இப்போ இடம் மாத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பயம் உள்ள ரொம்ப ஆழமாப் போயிருக்கு. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் இந்த வீட்ல குரல் மட்டும் உயரக் கூடாது."

"ஒரு வருஷ..." என்று பழைய குரலில் கிளம்பியவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மூடியிருந்த அறைக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். மெய்யாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

"சரி, இங்கேயே இருக்கட்டும் மேடம்" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில். "பாவம்... எந்தப் பாவியோ வருஷக்கணக்கா கத்திக் கத்தியே அதை இப்படி ஆக்கி வச்சிருக்கான்."