பதிலெல்லாம் கேள்விக்குறி

"அந்த மௌசுமிக்கு எவ்வளவு திமிர் பாருங்க நவநீத்! நான் எந்த மெயில் அனுப்பினாலும் பதிலுக்கு வரிவரியா வெறும் கேள்விக்குறி போட்டு அனுப்பறா. இன்னிக்கு மெமோ கொடுக்காம விடமாட்டேன்."

போன மாதம்தான் திருச்சியிலிருந்து கொல்கத்தாவின் நியூ டவுன் கிளைக்கு மாற்றலாகி வந்திருந்த மேனேஜர் சகுந்தலா பொரிந்து தள்ளினாள். சர்வரைக் கவனித்துக்கொள்ளும் நவநீத் கொல்கத்தாவிலேயே வளர்ந்த தமிழன். அந்த மெயில்களைத் திறந்து பார்த்தான்.

"அவங்க மேல தப்பில்லை மேடம். நம்ம மெயில் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. இங்கிலீஷ் மெயிலுக்கு வேற மொழியில ரிப்ளை போட்டா, எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிடும்."

"ஓஹோ, பெங்காலியில எழுதறாளா? எனக்குப் புரியாதுன்னு தெரிஞ்சேவா?"

நவநீத் சாஃப்ட்வேரைப் புதுப்பித்துவிட்டு, மௌசுமியை மறுபடி ரிப்ளை போடச் சொன்னான். சகுந்தலாவின் திரையில் பதில் வந்தது.

'வணக்கம் மேடம். ரிப்போர்ட் மதியம் தருகிறேன். நீங்கள் வந்ததிலிருந்து தமிழ் படிக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். மௌசுமி.'

சகுந்தலா அதை இரண்டு தடவை படித்தாள்.

"நவநீத்... 'ரொம்ப நல்லா எழுதியிருக்கே'ன்னு பெங்காலியில எப்படி எழுதறது?"