மூன்று மணிச் செபம்

பிற்பகல் மூன்று மணி. ஒலிபெருக்கியில் செபம் தொடங்கியதும் பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துக் கன்னியர் மடப் பள்ளி நின்ற இடத்திலேயே உறைகிறது. உருண்டுபோன பந்தைக்கூட யாரும் எடுக்கவில்லை. வராந்தாவில் கைகூப்பி நிற்கும் லிகாயா டீச்சரின் ஓரக்கண்ணில் படுகிறது: மாணவி ஜொனாலினின் சடை, பக்கத்தில் நிற்கும் ட்ரிஷாவின் முறுக்கிப் பிடித்த கைக்குள் இருக்கிறது. இருவருடைய உதடுகளும் செபத்தைத்தான் முணுமுணுக்கின்றன. “அசையாதடி, செபம் நடக்குதில்ல,” என்கிறாள் ட்ரிஷா, நடுவே. செபம் முடியும்வரை இங்கே யாரும் ஓரடி எடுத்துவைத்ததில்லை. லிகாயா நடக்கிறார். செருப்புச் சத்தம் சுவர்களில் மோதித் திரும்புகிறது. “விடு அவளை.” “ஆமென் வரட்டும் டீச்சர், விட்டுடறேன்.” “இப்பவே விடு.” விரல்கள் விரிகின்றன. லிகாயா திரும்பிப் பார்க்கிறார். வராந்தா நெடுக, கண்மூடிச் செபிக்கும் வரிசைகளில், அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு காலரை, ஒரு காதை, ஒரு மணிக்கட்டை, கைகள் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருக்கின்றன.