நீலத் தொட்டி

காலையில் பால் கவரின் முனை அறுந்து விழாதபடி வெட்டுகிறேன். பாலை அடுப்பில் வைக்கிறேன். கவரைக் கழுவி நீலத் தொட்டியில் போடுகிறேன்.

"ஈரம் காயலை பாருங்க. எடுத்து உதறுங்க," என்கிறது தொட்டி, எழிலியின் குரலில்.

எழிலி என் மனைவி. ஆடியில் இறந்துவிட்டாள். வீட்டில் யார் குப்பையை ஒழுங்காகப் பிரிக்கிறாரோ, அவர் குரலில்தான் தொட்டி பேசும். குடியிருப்புச் சங்கத்தின் ஏற்பாடு.

குரலை எடுத்துவிடச் சொல்லி, செயலாளர் சபாபதியின் வீட்டுக்குப் போனேன்.

"நீங்க வேற தம்பி! இந்தக் குரல் சொன்னாத்தான் ஜனம் கேக்குது. நேத்துலேருந்து எல்லா வீட்டுக்கும் அதையே வெச்சாச்சு. அவங்க பேரும் நிலைக்கும்ல?"

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்போது அவர் சமையலறையிலிருந்து எழிலி அதட்டினாள்: "முட்டை ஓட்டை யாருங்க இதுல போட்டது?"

"நான்தாம்மா," என்றார் சபாபதி, என் பிடியில் இருந்தபடியே.

அவள் என்னிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. கடைசி நாள் காலையிலும் நான் குழாயடியில் பால் கவரைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"அந்தக் கவரைத் தூக்கிக் கடாசுடா. இங்க வந்து உக்காரு."