பதினெட்டு நாள் ரிப்பேர்

"பதினெட்டு நாளா ஒரு லிஃப்ட்டை ரிப்பேர் பாக்குறியே, நீ மெக்கானிக்கா, இல்ல சும்மா ஸ்க்ரூடிரைவரோட ஊர் சுத்துறவனா?"

பெரியவர் லிஃப்ட் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் நிமிரவில்லை.

"பார்ட்ஸ் வரணும் பெரியவரே."

"எங்கேருந்து? சந்திரன்லேருந்தா?"

கீழே பெரியவரின் டயர் கடை, பின்னால் அவர் அறை. நடுவில் இரண்டு மாடியும் கிடங்கு. மூன்றாவது மாடியில் மகனும் நிறைமாத மருமகளும். பெரியவருக்கு முட்டி போய் ஆறு வருஷம். ஆபரேஷன் செய்யச் சொன்ன டாக்டரை அவர் நம்பவில்லை. எந்த டாக்டரையும் நம்பியதில்லை.

லிஃப்ட் ஓடிய வரை அவரே மேலே போய் எல்லாவற்றையும் கவனித்தார். மருமகள் ஒருக்களித்துப் படுக்கிறாளா, கால் வீக்கம் எவ்வளவு, பிள்ளை அசைகிறதா என்று நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவை. அவள் லேசாக முகம் சுளித்தாலும் காரை எடுக்கச் சொல்லிவிடுவார். இரண்டு முறை ஆஸ்பத்திரி வரை போய், பொய்வலி என்று திரும்பினார்கள். இரண்டாவது முறை திரும்பிய மறுநாள்தான் இந்தப் பாழாய்ப்போன லிஃப்ட் நின்றது.

இப்போது போன்தான் கதி.

"வயிறு இறுகுதாம்மா?"

"இறுகுது, விடுது மாமா. கடைசி வாரத்துல அப்படித்தான் இருக்குமாம். விட்டுவிட்டு ஒழுங்கா வந்து, வரவர கூடினாத்தான் நிஜ வலியாம். டாக்டர் சொன்னாங்க."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டு சாப்பிடப் போயிடுவாங்க. உன் புருஷன் லோடு வண்டியில பொறந்தவன், தெரியும்ல? ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரியுது, போய்ச் சேரல!"

"தெரியும் மாமா. நேத்தும் சொன்னீங்க."

"நீ மூணு மாடி எப்படி இறங்குவே?"

"போன வாரம் செக்கப்புக்கு வந்தேனே மாமா."

வந்தாள்தான். முட்டிக்காரர் என்று அவரை முதலிலேயே காரில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். அவள் வந்து ஏறியபோது மூச்சுகூட வாங்கவில்லை. சின்ன வயசு என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் போயிருக்காது. போன் அடித்தது.

"மாமா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. காரை எடுக்கச் சொல்லுங்க."

பெரியவர் கடையைப் பார்த்துக் கத்தினார். அங்கிருந்த மகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு நேரே காருக்குப் போனான். படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மடையா! பொண்டாட்டி மேல கிடக்கா, நீ எங்கடா போறே?"

பிறகு அவரே படியேறினார். "டேய் ஸ்க்ரூடிரைவர், வாடா! நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்துடலாம்!"

ஒன்பதாவது படியில் முட்டி மடங்க மறுத்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இந்தப் பிள்ளையும் வழியில்தான் பிறக்கப்போகிறது என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே டிங் என்று மணி அடித்தது. லிஃப்ட் கதவு திறந்து, மருமகள் கையில் பையோடு வெளியே வந்தாள்.

"அடேய், சரி பண்ணிட்டியா!" பெரியவர் படியிலிருந்தே எட்டிப் பார்த்தார். "உன்னைப்போய் இத்தனை நாளா திட்டினேனே..."

மெக்கானிக் தரையைப் பார்த்தான். மருமகள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, லிஃப்ட் சாவி. இனிமே பூட்டி வைக்க வேணாம். மாமா எத்தனை தடவை வேணும்னாலும் மேல வரட்டும், பிள்ளையைப் பாக்க."