ஆள் சேர்த்த வகையில்

“அடுத்த பேரு?” என்றாள் அக்கா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“சித்தப்பா.”

“தேதி?”

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துத் தம்பி சொன்னான். அவள் தட்டினாள்.

சனிக்கிழமை மதியம். ஆடிட்டர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக ஊரார் வருமான வரிப் படிவங்களை நிரப்புகிறவள் அக்கா. வெளி ஆளிடம் போகலாமென்றால் கூலி கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல்தான் அவன் அவள் எதிரே வந்து உட்கார்ந்திருந்தான்.

ஏசி மெக்கானிக்கான அவன் வருமானத்தில் மறைக்க என்ன இருக்கப்போகிறது?

இருந்தது. ஒரு கிரிப்டோ செயலி. அவன் அனுப்பிய லிங்க் வழியாக யார் சேர்ந்தாலும் அவன் கணக்கில் கொஞ்சம் நாணயம் போனஸாக விழும்; சேர்ந்தவருக்கும் ஆள் சேர்க்க அப்படியொரு லிங்க் கிடைக்கும். எட்டே மாதத்தில் செயலி கடையைக் கட்டிக்கொண்டு போனது, சேர்ந்தவர்கள் போட்ட பணத்தோடு. போனஸ் விவரம் மட்டும் எப்படியோ வரி அலுவலகத்துக்குப் போய், ஏன் காட்டவில்லை என்று பெயர், தேதிப் பட்டியலோடு கடிதம் வந்துவிட்டது.

“அந்தக் காசுதான் செத்துப்போச்சே அக்கா. அதைப் போய்க் காட்டணுமா?”

“உன் கைக்கு வந்த அன்னைக்கு உசிரோட இருந்துச்சில்ல? அன்னைக்கு என்ன விலையோ அதான் வருமானம்.”

அன்றைய போனஸ் விலைக்குச் சித்தப்பா இரண்டு டீக்கு ஆனார். மச்சான் ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்கு. கூட வேலை பார்க்கும் ‘ஒட்டடைக்குச்சி’ப் பையன் ஒரு முகச் சவரத்துக்கு.

அடுத்த பெயருக்கு அவனுக்கு நாக்கு எழவில்லை.

‘நானும் உன்கூட ஏமாந்தவன்தான் அக்கா’ என்று அவளிடமே அழுதிருக்கிறான். போனஸ் வந்ததைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

“என்னடா, வாயில கொழுக்கட்டையா? சொல்லு.”

காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் படித்தாள். தன் பெயரைத் தானே தட்டினாள். தேதியைப் போட்டாள். அன்றைய விலையைத் தேடி எடுத்து அதையும் போட்டாள்.

அரைக் கிலோ சர்க்கரை.

கத்துவாள் என்று காத்திருந்தான். மேசையிலிருந்த ஸ்கேலால் நாலு போட்டிருந்தால்கூட நன்றாயிருக்கும். அவள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

“திட்டிடேன் அக்கா.”

“வேலையைப் பாரு. அவ்வளவுதானா?”

ஏழு பேர். காகிதம் முடிந்துவிட்டது. ஆனால் முடியவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அம்மாவின் சேமிப்பு முழுவதும் அதில்தான் போயிருந்தது. அவள் போனுக்கும் லிங்க் அனுப்பினவன் அவன்தான். எதை அழுத்துவதென்று தெரியாமல் அவள் போனை அக்காவிடம் நீட்டினாளாம். இப்போது ஒரு வருடமாக, அவன் வாசலில் தலை காட்டினால் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். “அப்புறம் வாடா” என்று அக்காதான் வந்து அனுப்பிவைப்பாள்.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அம்மா பேரு இதுல விட்டுப்போயிருக்கு அக்கா. அதையும் எழுதிடு. இனிமே மறைச்சேன்னு ஒண்ணும் இருக்க வேணாம்.”

தட்டுகிற சத்தம் நின்றது.

“அது உன் கணக்குல வராதுடா” என்றாள் அக்கா. “என் லிங்க்லதான் சேர்த்துவிட்டேன். என் கணக்குல விழுந்துச்சு. போன வாரமே எழுதிட்டேன்.”