விக்கல் பிடித்த கார்

"பெற்றோல் செட்டிலைதான் தண்ணி கலந்திருக்கிறாங்கள்! உவங்களைச் சும்மா விடமாட்டன்!"

கார் கராச்சுக்குள் வந்து நிற்க முந்தியே அருளம்பலத்தாரின் சத்தம் வந்துவிட்டது.

"என்ன தலைவர், காருக்கு என்ன செய்யுது?" என்று கேட்டான் மெக்கானிக் நிருஷன்.

"அக்ஸிலேற்றரை மிதிச்சால் விக்குது. மெல்லமாய்ப் போனால் பேசாமல் போகுது. கொஞ்சம் வேகம் எடுப்பமெண்டால் குலுக்கிக் குலுக்கி இழுக்குது. சந்தியிலை பஸ்காரன் பின்னாலை வந்து ஏறப் பாத்திட்டான்!"

உடுவிலில் அவரை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சனசமூக நிலையத் தலைவர். பெற்றோலுக்கு நாடே நாயாய் அலைகிற இந்த நேரத்தில், செட்டில் அடிபிடி வராமல் வரிசையைக் கட்டிக் காக்கிறவரும் அவர்தான். பதுக்கி வைக்கக் கானோடு வந்து நிற்கிறவனைக் கண்டால் கலைத்துவிடுவார். "பதுக்கிறவன் மனிசனே இல்லை!" என்று கூட்டத்தில் மேசையில் அடித்துச் சொன்னார். சனம் கைதட்டியது.

நல்ல பேச்சுத்தான். பேசினவரின் வளவுக்குள் இருக்கிற பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டிப் பார்க்காதவரைக்கும்! அதற்குள்தான் பெற்றோல் கான்களைப் புதைத்து வைத்திருந்தார். ஆருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று, பின்னேரங்களில் பாத்திக்குத் தண்ணீரும் ஊற்றுவார்.

கராச்சில் கிடந்த நீள வாங்கில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குள் தம்பிஐயாவைக் கண்டதும் தலைவரின் சத்தம் இறங்கிவிட்டது.

தம்பிஐயா பக்கத்து வளவுக்காரன். போன கிழமை உச்சி வெயிலுக்குள் வேலியடிக்கு ஓடிவந்தான்.

"அண்ணை, என்ரை மனிசி குணலட்சுமிக்கு மூச்சு இழுப்புக் கூடிப்போச்சு. அம்புலன்ஸ் வரச் சுணங்குமாம். ஒருக்காக் காரை எடுங்கோ அண்ணை."

அருளம்பலத்தார் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே பாத்தியடியிலிருந்து வந்தார். "ஒரு சொட்டுப் பெற்றோலும் இல்லையடாப்பா. அம்மாளாணை! இருந்தால் வரமாட்டனே?" என்று அவனுடைய கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினார்.

தம்பிஐயா மனிசியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு ஓடினான். நல்லகாலம், அவள் பிழைத்துவிட்டாள்.

கராச்சில் நிருஷன் காரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். அதில் பிழையில்லை. பிறகு பெற்றோல் பில்டரைக் கழற்றி, உள்ளே கிடந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் கவிழ்த்தான்.

"அடியிலை தண்ணி நிக்குது, பாருங்கோ."

"நான் சொன்னனான்தானே! செட்காரன்…"

"பொறுங்கோ தலைவர். மண்ணும் கிடக்குது." குறட்டால் எதையோ இழுத்தெடுத்தான். "இதென்ன, பனந்தும்பு!"

வாங்கில் இருந்தவர்கள் எழும்பி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"செட்டிலை ஏது பனந்தும்பு? ஆரோ பனங்கொட்டை அடுக்கின கிழங்குப் பாத்திக்கை புதைச்சு வைச்ச பெற்றோல் உது," என்றான் நிருஷன். "தலைவர், உங்களுக்கு உந்தப் பெற்றோலை ஆர் தந்தது?"

அருளம்பலத்தாருடைய ஒழுங்கையில் பாத்தி போட்டது ரெண்டே வீடு. ஒன்று தம்பிஐயா வீடு. மற்றது ஆருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

தம்பிஐயா முன்னுக்கு வந்தான். சரி, முடிஞ்சுது கதை. இவன் சொல்லத்தான் வேணும், இவன் சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது என்று நினைத்துக்கொண்டு தலைவர் நிலத்தைப் பார்த்தார்.

"அது நான் குடுத்தது," என்றான் தம்பிஐயா. "என்ரை பாத்திக்கை கிடந்த கான். எங்கை கிடந்ததெண்டு தலைவருக்குத் தெரியாது."

வாங்கிலிருந்து எழும்பி வந்த அடைக்கலநாதன் பாய்ந்தான்.

"அட பாவி! பெற்றோலைப் புதைச்சு வைச்சுக்கொண்டோ பெண்சாதியைச் சைக்கிளிலை தள்ளினனீ? தலைவர் சொன்னது உன்னைத்தான்ரா. பதுக்கிறவன் மனிசனே இல்லை! சொல்லுங்கோ தலைவர், இப்ப அவன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ!"

தலைவருடைய வாயால் வந்த வார்த்தை, ஒரு பாவமும் அறியாதவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. 'நான்தான்' என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லு வராமல், மனிசன் தன்ரை காரைவிட மோசமாய் விக்கிக்கொண்டு நின்றார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

தம்பிஐயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளிக்கிட்டான். தலைவர் பின்னால் ஓடிப்போய் றோட்டில் மறித்தார்.

"ஏன்ராப்பா பழியை உன்ரை தலையிலை போட்டனீ?"

"என்னைப் பேசினால் அது என்னோடை போயிடும் அண்ணை. உங்கடை சொல்லுக்குத்தானே சனம் வரிசையிலை நிக்குது. உங்கடை பேர் கெட்டால் நாளைக்குச் செட்டிலை வெட்டுக்குத்துத்தான்."

அருளம்பலத்தாரால் அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உனக்கு… எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்." தம்பிஐயா சைக்கிளில் ஏறினான். "என்ரை கையைப் பிடிச்சுத்தானே சத்தியம் பண்ணினனீங்கள்? ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் என்ரை கையிலை பெற்றோல் மணந்துகொண்டே வந்தது அண்ணை."